புளுகர் சங்கத் தலைவராக இருந்த என் அண்ணனுக்கு

என் எபி அண்ணாவுக்கு,

உன் கூட்டாளி ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டேன். நீ ஹாஸ்டலில் எப்படி இருந்தாய், எப்படிச் செத்தாய் என்பதெல்லாம் இப்போது நம் வீட்டுக்குத் தெரியும். உனக்கே தெரிந்த கதைதான். ஆனாலும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது உனக்குத் தெரிய வேண்டாமா?

நீ போனபோது எனக்குப் பதினொரு வயது. இப்போது ஆரணி தபாலாபீசில் கவுண்டரில் உட்கார்ந்து ஸ்டாம்ப் கொடுக்கிறேன். நம் தெருவில் இரண்டு வீட்டு மாடியில் டிவி ஏரியல் நிற்கிறது. அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டையர் ஆகிவிட்டார். அம்மாவுக்கு மூட்டுவலி, மற்றபடி சுகம்தான்.

எமர்ஜென்சி வந்த வருஷம், கிறிஸ்துமசுக்குக் கொஞ்ச நாள் முன்னால், மதராசிலிருந்து உன்னைக் கொண்டுவந்தார்கள். மொட்டைமாடியிலிருந்து விழுந்துவிட்டான், கூட யாரும் இல்லை, கணக்கில் ஃபெயிலான கவலை போலிருக்கிறது என்றார்கள். மீதியை ஊரே சொல்லிக்கொண்டது. சர்ச்சில் முன்வரிசையில் உட்காரும் அம்மா அதற்கப்புறம் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். வீட்டில் உன் பேரை யாரும் எடுப்பதில்லை.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு டைபாய்டு. ஒரு மத்தியானம் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன நான்தாம்மா சாவடிச்சேன்."

"இன்னாப்பா சொல்றீங்க?"

"மார்க்க பாத்துட்டு நாலு பக்கம் திட்டி எழுதினேன். இந்த மார்க்க வச்சிகினு என் வாசப்படிய மிதிக்காதேன்னு எழுதிட்டேன். அது போய்ச் சேந்த வாரம்தான்..."

பத்து வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார், அண்ணா. அம்மாவிடம்கூட. அந்தக் கடிதத்தை நீ படித்தாயா? படித்துவிட்டு என்ன நினைத்தாய்? அதைச் சொல்ல ஒரு ஆள் கூடவா இந்த உலகத்தில் இல்லாமல் போவான்?

அப்பா எழுந்து நடமாட ஆரம்பித்ததும் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சட்டைகளுக்கு அடியில் ஒரு போட்டோ. ஆறு பேர், ஒருத்தன் தோளில் ஒருத்தன் கை போட்டுக்கொண்டு. பின்பக்கம் உன் கையெழுத்தில் 'புளுகர் சங்கம். தலைவர்: எபினேசர்' என்று இருந்தது. கீழே மற்றவர்களின் பேரும் ஊரும். எல்லாம் தூரத்து ஊர்கள். ஒரு பேர் மட்டும் பக்கம்: ஏகாம்பரம், தெள்ளார்.

தெள்ளார் தபால்காரரை விசாரித்தேன். "பிளாக் ஆபீஸ்ல கிளார்க்கும்மா, நல்ல மனுஷன்" என்றார். ஒருநாள் லீவு போட்டுவிட்டு வந்தவாசி போய் பஸ் மாறினேன்.

ஆபீசில் என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். நான் இன்னும் பேரைச் சொல்லவில்லை. "நீ எபியோட தங்கச்சிதான? அதே மூக்கு" என்றார். வெளியே புளியமரத்து நிழலுக்கு அழைத்துப் போனார்.

முதலில் சங்கத்தைப் பற்றித்தான் சொன்னார். சனிக்கிழமை சாயந்திரமானால் ஆறு பேரும் மெஸ்ஸுக்குப் பின்னால் கூடுவீர்களாமே. ஆளுக்கொரு புளுகு சொல்ல வேண்டுமாம். நல்ல புளுகு சொன்னவனுக்கு ஞாயிற்றுக்கிழமை முட்டையை மற்றவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டுமாம். ஆரணியில் பட்டுப்பூச்சி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விடும், அதனால்தான் அன்றைக்குத் தறி ஓடாது என்று சொல்லித்தான் நீ தலைவரானாயாம். எனக்குச் சிரிப்பு வந்தது. உன்னை நினைத்துச் சிரித்து எத்தனை வருஷம்!

"எங்க வீட்ல மொத மொத காலேஜுக்குப் போனவன் நான்தாம்மா. அப்பா அம்மா ரெண்டு பேருமே கூலி. ஹாஸ்டல்ல பேசவே பயப்படுவேன். உங்கண்ணன்தான் என்ன இழுத்துகினு போய் சங்கத்துல சேத்தான்" என்றார்.

அப்புறம் நான் கேட்டேன்.

"அன்னிக்கு அண்ணன்கூட யாருமே இல்லீங்களா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் இருந்தேன்" என்றார்.

ஹாஸ்டல் வாசலுக்கு மேலே மாடியிலிருந்து தொங்கவிட ஒரு காகித நட்சத்திரம் செய்திருந்தீர்களாம். மாடிக்குப் போகக் கூடாது என்பது வார்டன் உத்தரவு. சாவியை எப்படியோ எடுத்துக்கொண்டு சாயந்திரம் நாலு மணிக்கு நீயும் அவரும் ஏறினீர்கள். நீ கைப்பிடிச் சுவர்மேல் நின்று கம்பி கட்டினாய். அவர் மறுமுனையைப் பிடித்திருந்தார். காலையில் பெய்த மழை, சுவரெல்லாம் பாசி. உன் கால் வழுக்கிவிட்டது.

"எட்டிப் புடிச்சேம்மா. சட்ட நுனிதான் கெடச்சுது. போலீஸ் வந்ததும் எல்லாரும் பயந்துட்டோம். மாடி ஏறினது தெரிஞ்சா காலேஜ்ல இருந்து தள்ளிடுவாங்க. ரூம்லதான் இருந்தோம்னு சொல்லிட்டோம். வாரா வாரம் அத்தன புளுகு சொன்னோம், அது ஒண்ணுதாம்மா பொய்."

எனக்கு வந்த கோபத்தில் எழுந்துவிட்டேன். "உங்க ஒரு பொய்யால எங்கப்பா பத்து வருஷமா தன்னையே கொலைகாரன்னு நெனச்சிகினு இருக்காரு, தெரியுமா?" என்று கத்தினேன். அப்பா எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் திகைத்துப் போனார்.

"அந்த லெட்டரா? ஐயோ! அத அவன் சங்கத்துல படிச்சான்மா! உங்கப்பா மாதிரியே பேசிக் காட்டினான். சிரிச்சி சிரிச்சி எங்களுக்கு வயிறே வலிச்சிது!"

நான் மறுபடி உட்கார்ந்தேன். உட்கார்ந்து அழுதேன். "இத எங்கிட்ட சொன்னா போதாதுங்க. வந்து அவர்கிட்ட சொல்லணும்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பிய நேரம், வந்துவிட்டார். அப்பா முன்னால் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அப்பா கடைசியில், "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்று மட்டும் கேட்டார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றார்.

அவர் உட்கார்ந்ததும், "லெட்டர படிச்சிட்டு இன்னா சொன்னான்?" என்று கேட்டார்.

"எங்கப்பாவுக்குக் கோவம் வந்தா நாலு பக்கம், கோவம் போனா போஸ்ட்கார்டு. அடுத்தது போஸ்ட்கார்டு வரும் பாருங்கடான்னு சொன்னான் சார். அன்னிலருந்து தெனம் எங்கூட உக்காந்து கணக்கு போட்டான். கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போறேன்னு பைகூட கட்டி வச்சிட்டான்."

"நா பேசற மாதிரியே பேசினானாமே. எப்பிடி?"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் எழுந்து, மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, விரலை ஆட்டி, "டேய் எபினேசரு! வாசப்படி பக்கம் கால வச்ச, ஜாக்கிரத!" என்றார்.

"நா இப்பிடியா பேசறேன்?" என்றார் அப்பா.

"அச்சு அசலா இப்பிடியேதான்" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

அப்பா சிரித்தார். சிரிப்பும் இருமலும் அழுகையும் ஒன்றாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் பேசிக் காட்டு" என்றார். சாப்பிட்டுப் போவதற்குள் ஏகாம்பரம் மூன்று தடவை பேசிக் காட்ட வேண்டியிருந்தது.

அம்மா அடுத்த வாரம் சர்ச்சில் எங்கே உட்காருவாள் என்று பார்த்தேன். கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள். "பழகிப்போச்சு, காத்து வருது" என்றாள். ஆனால் ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர்களிடம் உன் நட்சத்திரக் கதையை அவளேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அண்ணா. கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், நான் ஒரே பெண் என்றே சொல்லி வந்திருக்கிறேன். அடுத்த கேள்விக்குப் பயந்துதான். இனிமேல் எனக்கு ஒரு அண்ணன் என்று சொல்வேன். அடுத்த கேள்வியையும் கேட்கட்டும். சத்தியமாகச் சொல்வேன்.

உன் ஒரே தங்கச்சி,
கிரேஸ்