சாலட்டுக்கு எதிரே எழுதிய எண்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, நலமாக இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அப்படி இல்லையென்றால் முதலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா, இது நீளமான கடிதம். அப்பாவின் முழங்கால் தேவலை. மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறார், அதுவும் நான் பக்கத்தில் இருந்தால்தான். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனை எடுத்தால் உன் சித்தி எங்கிருந்தாலும் வந்து கையிலிருந்து வாங்கிக்கொள்வாள், பிறகு அவள் பக்கத்து நியாயம் மட்டும்தான் உன் காதுக்கு வரும். நடந்தது முழுவதும் வரிசையாக உனக்குத் தெரிய வேண்டும். ஏனென்றால் எல்லாவற்றுக்கும் காரணம் நீதான், நீ கணக்குப் போட்டு அனுப்பிய அந்த எண்கள்தான்! ஒரு மாதமாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருடம் செய்தி எழுதியிருக்கிறேன், உன் சித்தி சித்தப்பா கடையிலேயே இப்படி ஒரு செய்தி கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

சாப்பாட்டுக் கடைகளில் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே அதில் எத்தனை கலோரி என்று எழுதிவைக்க வேண்டும் என உத்தரவு வந்ததும், சித்தப்பா ஒவ்வொரு தட்டிலும் என்னென்ன எவ்வளவு போகிறது என்று எடைபோட்டு உனக்கு அனுப்பியதும், நீ ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கும் வேலைக்கு நடுவில் இதையும் பார்த்துக் கொடுத்ததும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது சித்தியின் திட்டம். கடையின் ஜன்னலோர மூலை இருக்கிறதே, தெருவிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படும் இடம், அங்கே இப்போது பொரிக்கும் அடுப்பு இருக்கிறது. நீ ஊரைவிட்டுப் போன பிறகு வேலைக்கு வந்தவர் அதில் நிற்கிறார். அவரை எல்லோரும் இடி என்றுதான் கூப்பிடுவார்கள். கோழி வெந்துவிட்டது என்று அவர் உள்ளே குரல் கொடுத்தால் எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அடுப்பை எடுத்துவிட்டு, தான் போடும் சாலட்டுக்குக் கண்ணாடி மேடை ஒன்று வைக்க வேண்டும் என்பது சித்தியின் நெடுநாள் ஆசை. அடுப்பு போனால் இடிக்கு வேலை இல்லை. இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான். பொரிப்பதைத் தவிர வேறு வேலையும் அவர் பழகவில்லை. மற்ற கடைகளில் இப்போது அதற்கு இயந்திரம் வந்துவிட்டது.

எண்கள் எழுதப்போகிறார்கள் என்றதும் சித்திக்குத் தலைகால் புரியவில்லை. “கலோரியைப் பார்த்தா எவனாவது பொரிச்ச கோழியைத் தொடுவானா? மாசக் கடைசியில உன் சட்டியைக் கவுத்து வச்சிடலாம்” என்று இடியிடம் நேராகவே சொல்லிவிட்டாள். இடியும் விடவில்லை. “அக்கா, பசிச்சவன் கணக்குப் பாடமா படிப்பான், வாசனையைத்தான் பார்ப்பான்” என்று தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னார். ஆனால் சாயங்காலம் சித்தப்பாவைத் தனியாகப் பிடித்து, வேறு எங்கேயாவது சொல்லிவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார், அந்தக் குரலா இது என்று சித்தப்பாவுக்கே கஷ்டமாகிவிட்டது. அவர்தான் நடுவில் புகுந்து ஒரு ஏற்பாடு செய்தார். எண்கள் எழுதிய நாள் முதல் மாதக் கடைசி வரை மதியச் சாப்பாட்டில் எது அதிகம் போகிறதோ அதற்கு அந்த மூலை, பொரித்த கோழியா, சாலட்டா, பார்த்துவிடலாம் என்றார். சித்தி அப்போதே தச்சரை வரச் சொல்லிவிட்டாள்.

என் பத்திரிகை ஆசிரியருக்கு இது எப்படியோ தெரிந்துபோயிற்று (சரி, நான்தான் சொன்னேன்). எண்ணைப் பார்த்து யாராவது மாற்றிக் கேட்கிறார்களா, நேரில் உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள் என்றார். அதனால் தினமும் மதியம் கல்லாவுக்குப் பக்கத்து மேசைதான் என் அலுவலகம். அப்பாவும் துணைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். என்ன துணை என்று உனக்கே தெரியும்.

முதல் நாள் காலை சித்தி சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் சித்தப்பா உன் எண்களைக் கரும்பலகையில் எழுதி மாட்டினார். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். சித்தி திரும்பி வரும்போது கடையில் கூட்டம் உட்கார்ந்துவிட்டது, ஆகவே அவளும் மற்றவர்களோடு சேர்ந்துதான் முதல்முதலாகப் பலகையைப் படித்தாள். பொரித்த கோழிக்கு எதிரே எழுநூற்று இருபது. அதைப் பார்த்து இடியைத் திரும்பிப் பார்த்தாள் பார், அந்தச் சிரிப்பைப் படம் பிடித்து வைத்திருக்க வேண்டும். அடுத்த வரி சாலட். தொள்ளாயிரத்துப் பத்து! கையில் வைத்திருந்த கீரைக்கட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். வாரம் முழுவதும் சாலட் சாப்பிட்டுத் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் வங்கி மேலாளர் எழுந்து பலகைக்குக் கிட்டே போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். “அப்ப இத்தனை நாளா நான் என்னத்தைச் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்?” என்று பொதுவாகக் கேட்டார். பிறகு உட்கார்ந்து பொரித்த கோழி கேட்டார். இடி போட்ட சத்தத்தில் என் டம்ளர் அதிர்ந்தது.

அன்று நான் பார்த்ததை எல்லாம் எழுதினால் காகிதம் போதாது. தையற்கடைப் பெண்கள் மூவர் சாலட்டை விட்டு சூப்புக்குப் போனார்கள். பேருந்து ஓட்டுநர்கள் பலகையை மேலிருந்து கீழாகப் படித்து எது பெரிய எண்ணோ அதையே கேட்டார்கள். “விலை ஒண்ணுதானே, எதுல சத்து ஜாஸ்தியோ அதைக் குடுங்க” என்றார் ஒருவர், அவருக்குப் போனது சாலட்! பள்ளி ஆசிரியை ஒருவர் பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, “எனக்கு யாரும் படிச்சுக் காட்ட வேண்டாம், கேக் கொண்டாங்க” என்றார். பாதிப் பேர் பலகையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உன் அப்பா சாலட் சாப்பிடாததால் தொள்ளாயிரத்துப் பத்து மிச்சம் என்று சொல்லி கோழியும் சாப்பிட்டு மேலே ஒரு துண்டு கேக்கும் சாப்பிட்டார். இந்தக் கணக்கை நீயே அவருக்குத் திருத்திச் சொல், நான் சொன்னால் கேட்பதில்லை.

சித்திக்கு வந்ததே கோபம். முதலில் சித்தப்பா மீது. “முட்டையை உடைக்கவே தெரியாத மனுஷன் எடை போட்டா இப்படித்தான் வரும்” என்றாள். அடுத்து உன் மீது, இதை மறைக்க விரும்பவில்லை. “உன் பொண்ணு அங்க உட்கார்ந்துக்கிட்டு என் பிழைப்புல கை வைக்கிறாளே அக்கா, இலையும் தழையும் எப்படி தொள்ளாயிரம் ஆகும், தப்பாப் போட்டுட்டா” என்றாள். மறுநாள் நாங்கள் போனபோது சாலட்டுக்கு எதிரே எண் இல்லை. ஈரத்துணியால் துடைத்த தடம் மட்டும் இருந்தது. சரியான எண் வந்தால் எழுதுகிறேன் என்றாள்.

இங்கேதான் எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எண் போனதும் சாலட் திரும்பிவந்துவிட்டது! அதே தையற்கடைப் பெண்கள், அதே பலகை, அதே சாலட். எதிரே எண் இல்லை, அவ்வளவுதான். வாசலில் நிறுத்திக் கேட்டேன். “நேத்து ஏதோ தப்பா எழுதிட்டாங்களாமே” என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எண்ணுக்காக எதையும் மாற்றவில்லை என்றுதான் வாசலில் என்னிடம் பெரும்பாலானோர் சொன்னார்கள், வாய் அப்படிச் சொல்லும், உள்ளே கேட்டு வாங்கிய தட்டு வேறு சொல்லும். கோழிக்கு எதிரே மட்டும் எழுநூற்று இருபது கொட்டை எழுத்தில் நின்றதால், பலகையைப் பார்ப்பவர்களின் கண்ணுக்கு அதுவே பூதமாகத் தெரிந்தது. இரண்டு வாரத்தில் சாலட் முந்திக்கொண்டது. தச்சர் வந்து மூலையை அளந்தார். இடி அவர் அளக்க வசதியாக எண்ணெய்ச் சட்டியைத் தானே தூக்கி ஒதுக்கி வைத்தார். அன்று கோழி வெந்தபோது குரலே வரவில்லை, உள்ளே இருந்து சித்தப்பா எட்டிப் பார்த்துத்தான் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கு அடுத்த நாள் இடி கேட்டுவிட்டார். கத்தவில்லை. “அக்கா, தோத்தா போறேன். ஆனா என் பேருக்கு நேரா மட்டும் நம்பர் போட்டு, உங்க பேருக்கு நேரா துடைச்சு வச்சுட்டு, இது என்ன பந்தயம்?” என்றார். சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “சரி, என் கையாலயே போடறேன், எல்லாரும் பாருங்க” என்று தராசை எடுத்து நடு மேசையில் வைத்தாள். கடை மூடியிருந்த பிற்பகல் வேளை. நான், அப்பா, சித்தப்பா, இடி நான்கு பேரும் சுற்றி நின்றோம். இலை வைத்தாள், வெள்ளரிக்காய் வைத்தாள், சீஸ் கொஞ்சம் உதிர்த்தாள், தன் வெள்ளைச் சாஸைக் கரண்டியில் எடுத்து, மருந்து ஊற்றுகிற மாதிரி நாலு சொட்டு விட்டாள். “வங்கி மேனேஜருக்கு இப்படிப் போட்டா நாளைக்கு வருவாராக்கா?” என்று இடி கேட்டார். அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். சித்திக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் கஞ்சத்தனமாப் போட்டேன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது” என்று சொல்லி, தினமும் போடுகிறபடி போட ஆரம்பித்தாள். கை தானாக ஓடியது. சாஸ் ஒரு கரண்டி, அதன் மேல் இன்னொன்று, தெரிந்த முகமாக இருந்தால் போடும் மூன்றாவது. சீஸ் ஒரு பிடி. முந்திரி. கடைசியில் ரொட்டித் துண்டுகள், அவை நேராக இடியின் எண்ணெயிலிருந்து வருபவை. ஒவ்வொன்றாக எடை பார்த்து, நீ அனுப்பிய கணக்கை வைத்து நான் கூட்டினேன். ஆயிரத்தைத் தாண்டியது! சித்தப்பா எடை போட்டபோது மூன்றாவது கரண்டியை விட்டுவிட்டார், அவ்வளவுதான். நீ போட்டது தப்பே இல்லை, போனால் போகிறது என்று குறைவாகத்தான் வந்திருக்கிறது.

சித்தப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தி தராசைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். நான் அவளைச் சின்ன வயதிலிருந்து அறிவேன், தோற்றால் விளையாட்டையே கலைத்துவிடுவாள், இன்றைக்குத் தட்டு பறக்கப்போகிறது என்று கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். சாக்பீஸை எடுத்து, ஈரத்துணித் தடத்தின் மேலேயே, கோழிக்கு எழுதியதைவிடப் பெரிய எழுத்தில் ஆயிரத்து முப்பது என்று எழுதினாள். இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, “இப்ப சரியா?” என்று இடியைக் கேட்டாள். இடி ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன், மேசையில் வெங்காயமே இல்லை.

பிறகு நடந்ததை நீயே ஊகிப்பாய். சாலட் சடசடவென்று இறங்கியது. கோழி அப்படி ஒன்றும் பெரிதாக ஏறவில்லை, முன்பு எவ்வளவு போனதோ அவ்வளவுக்குத் திரும்பி நின்றது. சாலட்டை விட்டவர்கள் சூப்புக்கும் மீனுக்கும் போனார்கள். இனிப்புப் பானம் கேட்டவர்களில் சிலர் தண்ணீருக்கு மாறினார்கள், அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. என் கட்டுரையில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: பொரித்த கோழி கொழுப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்கு எண் எழுதினால் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள், நல்லது என்று நம்பியிருந்த தட்டுக்கு எதிரே பெரிய எண்ணைக் கண்டால்தான் கை நிற்கிறது. ஒரு கடை, ஒரு மாதம், இதை வைத்து உலகத்துக்கே சொல்ல முடியாது என்பதையும் சேர்த்திருக்கிறேன். ஆசிரியர் அந்த வரியை வெட்டப் பார்த்தார், விடவில்லை. உன் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது.

மாதக் கடைசியில் சித்தப்பா எண்ணிப் பார்த்து முடிவைச் சொல்வதற்குள் இடி தன் கரண்டியையும் மேல்துணியையும் பையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. கோழிதான் அதிகம் என்றார் சித்தப்பா. சித்தி பையைப் பார்த்துவிட்டு, “அதை எதுக்கு எடுத்து வச்சிருக்கே, நாளைக்குக் கோழி யார் பொரிப்பா, உன் மாமனாரா? எண்ணெயை மாத்து, கறுத்துக் கிடக்கு” என்றாள். அவர் சரிக்கா என்று சொன்னது எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தம் வரை கேட்டது. தச்சருக்கு மட்டும் வருத்தம், அவருக்கு ஒரு தட்டுக் கோழி கொடுத்து அனுப்பினார்கள்.

சித்தி இப்போது சாலட்டை மாற்றியிருக்கிறாள். சாஸைத் தனியாகச் சின்னக் கிண்ணத்தில் வைக்கிறாள், வேண்டியவர்கள் ஊற்றிக்கொள்ளட்டும் என்று. ரொட்டித் துண்டுகளை எண்ணெய் இல்லாமல் கல்லில் வாட்டித் தருவது இடியின் வேலை, இதெல்லாம் ஒரு சமையலா என்று முணுமுணுத்துக்கொண்டே நன்றாகச் செய்கிறார். எடைகளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், இந்த முறை சித்தியே அளந்தாள். புது எண் என்னவென்று சீக்கிரம் கணக்குப் பார்த்து அனுப்பு. சித்திக்காகக் குறைத்துப் போட்டுவிடாதே, அவளே அப்படிச் சொல்லச் சொன்னாள். அங்கே குளிர் என்றால் காதை மூடிக்கொண்டு போ. வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டை மேசையிலேயே முடித்துக்கொள்ளாதே, எழுந்து போய் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடு. நீ நல்ல உடம்போடும் நிறைந்த மனதோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும், அப்பாவும் நானும் தினமும் நினைத்துக்கொள்வது அதுதான்.

மறக்காமல் சித்திக்கு ஒரு முறை நீயாகவே போன் செய். உன்னைத் தப்பு என்று சொன்னதற்காக அவள் மன்னிப்புக் கேட்கமாட்டாள், அந்த வழக்கம் அவளுக்குக் கிடையாது. எடுத்ததும் “சாப்பிட்டியாடி” என்று கேட்பாள். அதையே மன்னிப்பாக எடுத்துக்கொண்டு, சாப்பிட்டேன் சித்தி என்று சொல்லிவிடு.

என்றும் உன் நினைவோடு,
அம்மா