ஜெஸ்லின் கேட்ட கேள்வி

ராயபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நோயலுக்கு,

கரோலின் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. போனில் பிள்ளை விஷயம் வந்தாலே இருவரும் பேச்சை மாற்றிவிடுகிறோம். அதனால் உங்கள் கப்பலில் சேர வரும் டென்னிஸ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்றாம் வகுப்புக்கு விலங்குகளை வகை பிரிக்கச் சொல்லிக்கொடுத்தேன். படங்களைத் தரையில் பரப்பி மீன், பறவை, பாலூட்டி என்று பிள்ளைகளையே அடுக்கச் சொன்னேன். டால்ஃபினை மீனோடு வைத்தார்கள். குட்டி போட்டுப் பால் கொடுப்பதால் அது பாலூட்டி என்றேன். "வலைல மாட்டுதே, அப்போ மீனுதான் டீச்சர்" என்று ஒரே சண்டை. நானும் சிரித்துக்கொண்டே, நாமும் பாலூட்டிகள்தாம், எல்லோரும் அம்மாவிடம் பால் குடித்தவர்கள்தாம், வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஜெஸ்லின் என்ற பெண் என் மேசைக்கு வந்தாள். "எங்கம்மாவ கேட்டேன். ஒண்ணும் சொல்லாம அழுவுது. அப்போ நான் இன்னா டீச்சர்?" என்றாள். போய் உட்காரம்மா என்று அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அவள் அம்மா மெர்லின் வந்தாள். காசிமேட்டில் இறால் உரிக்கிறவள். கோபமாகத்தான் வந்தாள், உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள். "எட்டு மாசக் கொழந்தையா இல்லத்துலேந்து தூக்கினு வந்தோம் டீச்சர். அதுக்குத் தெரியாது. இப்போ நான் இன்னா சொல்றது?" என்று கேட்டாள். பி.எட். படித்த நான் மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

பிறகு அவளே பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை வந்து என்னிடம் அதைச் சொன்னாள். ஜெஸ்லின், "நீ தூக்கினு வரசொல்ல நான் அழுதேனா?" என்று மட்டும் கேட்டாளாம். "நீ அழுவல, நான்தான் அழுதேன்" என்றாளாம் இவள். இதைச் சொல்லும்போது மெர்லின் சிரித்தாள். ஆனால் வகுப்பில் ஜெஸ்லின் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் செய்தது தவறா, என்றைக்கோ வரவேண்டியது இன்று வந்ததா என்று புரியவில்லை.

போன லீவில், நாம் பெறாத பிள்ளை நம்மோடு ஒட்டுமா என்று நீங்கள் கேட்டதற்கு எவ்வளவு கோபப்பட்டேன்! தத்து விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி எத்தனை நாள் சண்டை! இப்போது எனக்கே குழப்பம். பிள்ளை ஒட்டுமா என்ற பயம் இல்லை. ஒருநாள் அது கேட்டால், மெர்லினைப் போலச் சொல்ல எனக்கு வருமா? விண்ணப்பத்தை எடுக்கிறேன், பார்க்கிறேன், திரும்பவும் பீரோவில் வைக்கிறேன். கிழித்துப்போடவும் கை வரவில்லை.

சரி என்றோ வேண்டாம் என்றோ பதில் எழுதாதீர்கள். லீவு கிடைத்ததும் வந்து பக்கத்தில் உட்காருங்கள், போதும். தனியாக யோசிக்க முடியவில்லை.

கடலில் உங்களையும், எங்கே இருக்கிறதென்று தெரியாத ஒரு பிள்ளையையும் மாதா காக்கட்டும்.

உங்கள்
கரோலின்