கற்பூரம் காத்திருக்காது

குரோதி வருஷம், கார்த்திகை 14. கல்கத்தா.

இன்று நடந்ததை எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

என் பொறுப்பிலுள்ள சுங்கக் கிடங்கில் மூன்று மாதமாகச் செட்டியாரின் ஜப்பான் கற்பூரம் கிடக்கிறது. ஜப்பானோடு நம் ராஜாங்கம் செய்யும் வர்த்தக உடன்படிக்கை வந்தால் வரி குறையும் என்று அவர் சரக்கை எடுக்கவில்லை. கையெழுத்தாகிவிட்டது, ஆனால் இரு அரசுகளும் உறுதிசெய்து முத்திரை வைக்க இன்னும் மாதக்கணக்காகும்.

இன்று லண்டனிலிருந்து தந்தி வந்தது. முத்திரை விழும்வரை, தற்காலிகமாக, குறைந்த வரியையே வாங்கலாமாம். பதினெட்டு வருஷத்தில் முத்திரையில்லாத காகிதத்துக்கு நான் சரக்கை வெளியே விட்டதில்லை.

"முத்திரை வரட்டும், செட்டியாரே."

"முத்திரை காத்திருக்கும் ஐயரே, கற்பூரம் காத்திருக்குமா? பெட்டியத் தெறந்து பாருங்க."

திறந்தேன். விளிம்புவரை இருந்தது இரண்டு விரல் இறங்கியிருந்தது. யாரும் தொடவில்லை, காற்றுதான் கொண்டுபோயிருக்கிறது.

என் மேலதிகாரி துரையிடம் போனேன். "இரண்டு ராஜாங்கமும் ஒப்புக்கொண்டாயிற்று. உமக்கென்ன தயக்கம்?" என்றார்.

சரக்கை விடும் உத்தரவில் கையெழுத்துப் போட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத இரண்டு அரசர்கள், கடலடியில் ஓடும் கம்பியில் வந்த வெறும் சொல்லை நம்புகிறார்கள்! நானோ குடையை இரவல் கொடுத்தாலும் சீட்டு எழுதி வாங்குகிறவன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள்: "கையெல்லாம் கற்பூரம் மணக்கறதே, எந்தக் கோயிலுக்குப் போனேள்?"

"ஆபீசுக்குத்தான்" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் கோயிலுக்குப் போனதை மறைத்துப் பொய் சொன்னதுபோல் இருந்தது.