அத்தான் எடுத்த பேய்ப்படம்

அத்தான்,

நீங்கள் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உங்கள் பேய் மறுபடியும் ராஜபாளையத்துக்குள் வந்துவிட்டது. இன்று காலை சந்தை வழியாகத் தமுக்கடித்துக்கொண்டு ஒரு மாட்டுவண்டி போயிற்று. அதன் பட விளம்பரத் தட்டியில் தலைவிரிகோலமாக ஒரு பெண், கடைவாயில் ரத்தம். கீழே கொட்டை எழுத்தில் என் அக்காவின் பெயர்: செண்பகம். வெற்றிலை வாங்கப் போனவன் வாங்காமலே திரும்பி வந்து இதை எழுதுகிறேன். செத்தவளைப் பழித்துக் காசு பார்த்தவர் நீங்கள். உங்களைப் பழிக்க எனக்குக் கூச்சமில்லை.

சேத்தூரில் வாந்திபேதி கண்ட வருஷம், உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பெற்ற பிள்ளை நீங்களே போகவில்லை. அக்காதான் போனாள். கடைசிவரை இருந்து கழுவித் துடைத்து, எல்லாம் முடிந்த பிறகு மடவார் வளாகத்தில் உங்கள் வீட்டுக்குத் திரும்பினாள். வழியிலேயே அவளுக்கும் கண்டுவிட்டது. நீங்கள் கதவைத் திறக்கவில்லை. "தண்ணி மட்டும் குடுங்க, நான் உள்ள வரல" என்று அவள் கெஞ்சியது பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டிருக்கிறது. அவளும் பயந்துகொண்டு வெளியே வரவில்லை. ஆனால் அதை எங்களிடம் சொல்லி அழுதாள். நீங்கள் தூங்கிவிட்டதாகச் சொன்னீர்கள். அக்கா மாட்டுக்கொட்டிலில் கிடந்து செத்தாள்.

அதைத்தான் நாவலாக எழுதினேன், பெயரை மட்டும் மாற்றி. என் கதையில் செத்தவள் அந்தி நேரத்தில் வந்து கதவைத் தட்டித் தண்ணீர் கேட்பாள். யாரையும் தொடமாட்டாள். உள்ளே இருப்பவன் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டே அழிவான். படக்கொட்டகையில் பங்கு வைத்திருந்த நீங்கள் அதைப் படமாக்கக் கேட்டு வந்தபோது, மனசு உறுத்தித்தான் வந்திருக்கிறீர்கள் என்று நம்பிக் கொடுத்தேன்.

மதராஸில் எடுத்து முடித்துவிட்டு வந்து சொன்னீர்கள்: "கதையக் கொஞ்சம் மாத்திருக்கேன் மாப்ள. தண்ணி கேக்குற பேயப் பாக்க எவன் டிக்கெட் எடுப்பான்?"

மாற்றியது எவ்வளவு என்று கொட்டகையில்தான் தெரிந்தது. மகள் கதை படமாகியிருக்கிறது என்று சோழபுரத்திலிருந்து அம்மாவும் வந்திருந்தாள். நான் மறைத்த பெயரை நீங்கள் திரையில் போட்டிருந்தீர்கள். அந்தச் செண்பகம் மாமியாருக்கு விஷம் வைத்தாள். கிணற்றில் விழுந்து பேயானாள். தொட்டில் பிள்ளையின் ரத்தத்துக்கு அலைந்தாள். உத்தமனான புருஷன் கதவைச் சாத்திப் பிள்ளையைக் காப்பாற்றினான். ஆணியும் சுத்தியலும் எடுத்தான். பேசாத படம். திரைக்குப் பக்கத்தில் நின்ற ஆள் உரக்கக் கதை சொன்னான்: "தண்ணீர் கேட்பதுபோல் நடிக்கிறாள் பாதகி."

அம்மா எழுந்து நின்றாள்.

"எம் மக தண்ணிதான் கேட்டா" என்றாள். சத்தம் போடவில்லை. ஆனாலும் கதை சொன்னவன் நிறுத்தினான், ஆர்மோனியமும் நின்றது. "மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளிட்டு வந்தவ, ஒரு வாய்த் தண்ணி கேட்டா. இந்தா நிக்காவ எம் மருமவன், அவிய கதவத் தொறக்கல."

அப்போதும் உங்களுக்கு மரியாதை கொடுத்துத்தான் பேசினாள்.

நீங்கள் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தீர்கள். "மக போனதுலருந்து அத்தைக்குப் புத்தி சரியில்ல. செத்த நேரத்துல சரியாயிருவாவ. நீ சொல்லுப்பா."

கதை சொன்னவன் தொடர்ந்தான். கூட்டம் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டது. திரையில் செண்பகத்தின் உச்சந்தலையில் ஆணி இறங்கியபோது கை தட்டினார்கள்.

படம் ஊர் ஊராகப் போயிற்று. சோழபுரத்தில் அம்மாவைப் பேயைப் பெற்றவள் என்றார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் அவள் வாசல் வழியாகப் போவதை விட்டார்கள். மறுவருஷம் அவளும் போய்ச் சேர்ந்தாள். ஆணி அடிப்பதைச் சேர்த்துக் கொடுத்தால் நாவலை மறுபடி அச்சுப் போடலாம் என்று ஒருவர் வந்தார். முடியாது என்றேன். அது அத்தோடு நின்றுபோயிற்று.

அம்மா அன்று சொன்ன சொற்களில் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. இன்று சாயங்காலம் முதல் ஆட்டத்துக்குப் போகிறேன். அக்கா தண்ணீர் கேட்கும் இடத்தில் எழுந்து, அவற்றை அப்படியே சொல்வேன். எனக்குப் புத்தி சரியில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்ல, நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள்.