பிலிம் போடாத ஞாயிறு

ஜூன் 8, 1999. செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. கஹவத்தை பஸ் பிந்தியது. ஸ்டூடியோவில் சேர்ந்து பத்தாவது நாள். இதுவரை கூட்டுவது, கண்ணாடி முன்னால் சீப்பும் பவுடரும் வைப்பது மட்டும். இன்று முதலாளி (இனி மு.) கமராவைக் கையில் கொடுத்தார். பெரிய பிளாஷிலிருந்து வரும் வயரைக் கமராவில் செருக வேண்டும். இரண்டு துளை. X என்று போட்டதுதான் சரி. மற்றது பழங்காலத்துப் பல்புக்காம். செருகினேன். அடையாள அட்டைக்கு வந்த பள்ளிக்கூட மாஸ்டரை எடுத்தேன். பளீரென்று அடித்தது. சந்தோஷம்.

ஜூன் 10, வியாழன்
மாஸ்டர் படம் பாதி கறுப்பு. வாய்க்குக் கீழே ஒன்றுமில்லை. ஷட்டரை 250இல் வைத்திருக்கிறேன். அந்த வேகத்தில் பிளாஷ் அடிக்கும்போது ஷட்டர் பாதிதான் திறந்திருக்குமாம். மாஸ்டர் முன்னாலேயே மு.: “தேயிலத் தோட்டத்து லயத்துல பொறந்தவளுக்கு கமரா எதுக்குடி? கூடையக் கட்டிக்கிட்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போ.” மாஸ்டரும் சிரித்தார்.
மனப்பாடம்: X துளை. ஷட்டர் 60. பிளாஷில் சிவப்பு விளக்கு வரும்வரை பொறு.

ஜூன் 12, சனி
மு.: “நாளைக்குத் தோட்டத்து ஆளுக வரும். பிலிம் போடாம அடிச்சுப் பழகு. வெளிச்சம் வந்தா எடுத்தாச்சுன்னு நெனச்சுக்குவாங்க. கழுவுறப்ப கெட்டுப்போச்சுன்னு மறுபடி வரச்சொல்லலாம்.”
செருப்பு வார் அறுந்தது.

ஜூன் 13, ஞாயிறு
ஏழு பேரை எடுத்தேன். ஏழும் வெறும் வெளிச்சம்.
கடைசியாக எங்கள் லயத்துச் செல்வி அக்கா, அவள் புருஷன் முருகையா அண்ணன், மகள் சின்னவள். அக்கா நாளைக்குக் குவைத் போகிறாள், வீட்டு வேலைக்கு. ஊதாச் சேலை. “நம்ம புள்ளதான் எடுக்குது பாருங்க!” அண்ணனிடம் அக்கா பெருமையாகச் சொன்னாள்.
மு.வைத் திரும்பிப் பார்த்தேன். தலையை ஆட்டினார், பிலிம் போடக் கூடாதென்று.
சின்னவள் சிரிக்கும் வரை காத்திருந்து அடித்தேன். இவ்வளவு சரியாக எனக்கு வந்ததே இல்லை. மு. கூட “சபாஷ்” என்றார்.

ஜூன் 14, திங்கள்
அக்காவை ஏற்றிப்போக வேன் வந்துவிட்டது. படம் இல்லையென்று சொன்னால் வேலை போகும். சொன்னாலும் இனி எங்கே எடுப்பது? அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். “புள்ள கேட்டா அந்தப் படத்தக் காட்டச் சொல்லியிருக்கேன்.” கை காட்டினேன்.

ஜூன் 17, வியாழன்
மழை. குழாயடியில் முருகையா அண்ணன் படத்தைக் கேட்டார். ஞாயிறு கடைக்கு வரச்சொன்னேன். தண்ணீர் பாதி வாளிதான்.

ஜூன் 20, ஞாயிறு
சின்னவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
“கழுவுறப்ப கெட்டுப்போச்சுண்ணே.”
“முழுசாவா?”
“ம்.”
சின்னவளை மறு தோளுக்கு மாற்றினார். “அவ மொகம் மட்டுமாச்சும் தேறாதா தங்கச்சி? வேற படமே இல்ல. புள்ள அம்மாவக் காட்டுன்னு அழுவுது.”
மு. இரத்தினபுரி போயிருந்தார். கடையில் நான் மட்டும். உண்மையைச் சொன்னால் தடுக்க யாருமில்லை.
“பாக்குறேண்ணே. அடுத்த ஞாயிறு வாங்க.”
அவர் முகம் தெளிந்துவிட்டது. கும்பிட்டுவிட்டுப் போனார்.
பிறகு ஒரு கல்யாண ஜோடி. பிலிம் போட்டு எடுத்தேன்.