மாட்டுக் கணக்குக்குள் ஓர் ஊர்

கால்நடைக் கணக்கெடுப்புக் கட்டுக்கு யாராவது வசம்பு வைப்பார்களா? போன செவ்வாய்க்கிழமை ரெக்கார்டு ரூமின் கடைசி அலமாரியில் அந்தக் கட்டை இழுத்ததும் வசம்பு வாடை மூக்கில் ஏறியது. ஆபீஸில் தருகிற வசம்பு நமக்கு என்றைக்குமே போதாது. நில ஆவணங்களுக்கு வைத்ததுபோக மீதியைப் பூச்சிக்கு விட்டுவிடுவோம். மாடுகளை எண்ணிய தாள்களுக்கு இவ்வளவு வசம்பைக் கொட்டியது யார் என்று யோசித்துக்கொண்டே சிவப்புத் துணியின் முடிச்சைப் பார்த்தேன். உன் முடிச்சு. இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே சொருகுகிற, என் நகத்தை எத்தனையோ தடவை உடைத்த முடிச்சு.

அவிழ்த்தால், மாடுகளுக்கு நடுவே உங்கள் ஊரின் குத்தகைப் பதிவேடு இருந்தது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. துக்கம் கேட்க வந்தவள் தெருமுனையிலிருந்தே திரும்பிவிட்டேன். இந்தப் பதிவேட்டை நீ உன் அப்பாவுக்காகக் கொளுத்திவிட்டாய் என்று முப்பது வருஷத்துக்கு மேலாக நம்பியிருந்தேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீ பண்ணை வீட்டுப் பெண், நான் நன்னிலம் பக்கத்துப் பண்ணையாள் வீட்டுப் பெண். ஒரே ஊராக இருந்திருந்தால் உன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று பேசியிருப்பேன். ஆபீஸில் என் டிபன் பாக்ஸைப் பிடுங்கிக் கருவாட்டுக் குழம்பை வழித்துச் சாப்பிடுவாய். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னையும் தொழுவத்துல கட்டிப்புடுவாருடீ" என்று சிரிப்பாய்.

அப்போதுதான் ஆட்சி மாறி, உழுகிறவன் பெயரை எழுதி வைக்கவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் அவனை நிலத்தை விட்டு இறக்க முடியாது. அதனாலேயே ஊர் ஊராக வரப்பில் மண்டை உடைந்தது. ஊருக்கு ஒரே ஒரு பதிவேடு, வேறு பிரதி கிடையாது. சுவரில் முதலமைச்சர் படம் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், நம் அலமாரிகளின் பூட்டு மட்டும் அதே ஓட்டைப் பூட்டு.

பக்கத்து ஊர்க்காரர்கள் நகல் கேட்டு மனுக் கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். அவர்கள் பதிவேட்டைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்தோம். அன்று சாயங்காலமே அந்த ஊர்ப் பண்ணையின் காரியஸ்தர் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "மழைக் காலம்மா. ஓடெல்லாம் ஒழுகுது போலருக்கு. பாத்து வைங்க" என்றார். காலையில் மேஜைக்கு நேர்மேலே ஒரே ஓர் ஓடு விலகியிருந்தது. பதிவேடு கூழாகிக் கிடந்தது. பக்கத்து மேஜையில் ஒரு தாள்கூட நனையவில்லை. நான் அழுதேன். நீ அழவில்லை, விலகிய ஓட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த மாதம் உங்கள் ஊரிலிருந்து வீரையன் வந்தார். உன் அப்பாவின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். எல்லாரையும் வெளியேற்றப் பார்க்கிறார்கள், பதிவேட்டின் நகல் வேண்டும் என்றார். இருக்கவேண்டிய இடத்தில் பதிவேடு இல்லை. மூன்று நாள் தேடினேன். "தேடுனோம், கெடைக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நீ தேடுனது நெசந்தானே?" என்றாய். போட்டேன்.

வீரையன் அந்தத் தாளை வாங்கி மடித்தார். "நம்ம ஜனம் ஒண்ணு உள்ள இருக்குன்னு நம்பி வந்தேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பாதிக் குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போயின. வீரையனும் இன்னும் சிலரும் காகிதம் இல்லாமலே பிடிவாதமாக உழுதுகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து நான் உன்னோடு பேசவில்லை, மேஜையை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். எங்கே மாற்றலாகிப் போனாலும் வருஷம் தவறாமல், மழைக்கு முன்னால், ஏதோ சாக்குச் சொல்லி இந்த ரூமுக்கு வருவாய். பயம் விடவில்லை போலிருக்கிறது என்று எனக்குள் ஏளனம் செய்வேன்.

வசம்பு வைக்க வந்திருக்கிறாய். கட்டின் அடியில் தூளாய்ப் போனவை, மேலே போகப் போகப் புதியவை. கொளுத்த நினைத்தவள் இதைச் செய்யமாட்டாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதும் இப்போதுதான் புரிகிறது. சொல்லியிருந்தால் என் கையெழுத்து பொய்யாகியிருக்கும். உனக்கு வேலை போனால் வீட்டில் நெல் இருந்தது. என் வீட்டில் நான்தான் நெல்.

ஆனாலும் உன்மேல் கோபம் போகவில்லை. வீரையன் செத்துப்போனார்டீ. அதை எந்தக் கட்டுக்குள் வைத்துக் கட்டுவாய்? காலம் வரட்டும் என்று காத்திருந்தாயா, அப்பாவை எதிர்த்து எடுத்து நீட்டக் கை வரவில்லையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது உன் தம்பி அந்த நிலத்தை விற்கிறான். மனை போடப் போகிறார்களாம். வீரையனின் பேத்தி கலைச்செல்வி, திருத்துறைப்பூண்டியில் டீச்சர், வழக்குப் போட்டிருக்கிறாள். பதிவேடு இருந்தால் வருகிற வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு. ஆபீஸிலோ எல்லாக் கட்டையும் அவிழ்த்து ஸ்கேன் எடுக்கிறார்கள். அன்று கடைசி அலமாரிக்கு வர அவர்களுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. அவர்கள் கையில் கிடைத்தால் அன்றைக்கே வெளியே தெரிந்துவிடும்.

புதன்கிழமை உன் தம்பி அனுப்பியதாக ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. என் எதிரில் உட்கார்ந்து ரூமைச் சுற்றிப் பார்த்தார். "ஒயரிங்கெல்லாம் ரொம்பப் பழசா இருக்கே மேடம். உள்ள பூராவும் காகிதம் வேற. பாத்து இருங்க" என்றார். அந்தக் காரியஸ்தர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, குரல் சாகவில்லை.

அதே நேரத்தில் கலைச்செல்வி உள்ளே வந்தாள். "மேடம், எங்க ஊர்ப் பதிவேடு கெடச்சுதுங்களா?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிடைத்தது என்று நான் சொன்னால் எரியப்போவது அவளுடைய ஊர் மட்டுமல்ல, தாலுகா மொத்தமும் அந்த அறைக்குள்தான் இருக்கிறது.

"தேடிட்டோம்மா. கெடைக்கல."

"எங்க தாத்தாகிட்டயும் இதையேதான் சொன்னீங்களாம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் கும்பிடு போட்டுவிட்டுத் திருப்தியாகக் கிளம்பினார்.

அன்றே பதிவேட்டை ஸ்கேன் முடிந்த கட்டு ஒன்றுக்குள் மாற்றிவிட்டேன். முடிந்ததை இனி ஒருவரும் அவிழ்க்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் நானே எடுத்துப்போய் நீதிபதியிடம் கொடுப்பேன். அதுவரை யாரிடமும் சொல்வதாக இல்லை, கலைச்செல்வியிடம்கூட. அதற்குள் எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் எவரும் இல்லை. விளக்கு ஒரு தடவை சிமிட்டினால்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன்.

அதைவிடக் கனமாக இருப்பது அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை. எனக்குத் தெரிந்த பார்வைதான், நான் உன்னைப் பார்த்தது. மூன்று நாள் அதைத் தாங்கவே எனக்குத் தெம்பில்லை. நீ முப்பது வருஷம் என்னிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய்.