இனிப்புக் குடுக்காதேங்கோ எண்டு சொன்ன அக்காவுக்கு

என்ர அன்பான அக்கா,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருசமாகேல்ல, உங்கட ஆட்டைத் திவசம் இன்னும் வரேல்ல, அதுக்குள்ள உங்களோட சண்டை பிடிக்க வந்திட்டன். எனக்கு இப்ப ஆரோடயாவது கத்த வேணும். வேற ஆரிட்டப் போறது?

துவாரகா சுகமாய் இருக்கிறாள், அதை முதல்ல சொல்லிப்போடுறன். உங்கட மகள் அறைக்குள்ள படிக்கிறாள், நான் குசினிக்கும் அறைக்குமாய் நடந்து நடந்து எட்டிப் பாக்கிறன். "சின்னம்மா, நான் சாகேல்ல, ஒரு இடத்தில இருங்கோ" எண்டு எரிஞ்சு விழுறாள்.

நேற்று பள்ளிக்கூடத்தில சரசுவதிக்கு வாணி விழா. காலமை இன்சுலின் ஊசியைப் போட்டிட்டு, அரை இடியப்பத்தைப் பிச்சு வாயில வைச்சுக்கொண்டு ஓடினவள். இடைவேளைக்குச் சாப்பிடலாம் எண்டு நினைச்சிருக்கிறாள். பிரதம விருந்தினர் வரப் பிந்திப் போச்சு. எங்கட ஆக்களைத் தெரியும்தானே, படைச்சு முடியாமல் ஒருத்தரும் வாயில ஒண்டும் வைக்க ஏலாது. பிள்ளை வேர்த்து நடுங்கி, பையில கிடந்த டொபியை எடுத்திருக்கிறாள். வகுப்பு ரீச்சர் ஓடிவந்து பறிச்சுப்போட்டா. "உனக்குச் சீனி வருத்தம் எல்லோ, அம்மாவும் இல்லை, நாங்கள்தான் பாக்க வேணும்" எண்டு ஃபானுக்குக் கீழ இருத்தி, பச்சைத்தண்ணி பருக்கியிருக்கிறா. பாசத்தில செய்ததக்கா. அதுதான் நெஞ்சு பதறுது.

ரெலிபோன் வந்து, நான் உட்துறைமுக வீதியால ஓட்டோவில பறந்து போனால், பிள்ளைக்கு நாக்குக் குழறுது. நல்ல காலம், விழுங்கக்கூடியதாய் இருந்தாள். சீனியைத் தண்ணியில கரைச்சுப் பருக்கினன். "ஐயோ, சீனியா குடுக்கிறீங்கள்?" எண்டு ரீச்சர் கத்துறா. நானும் கத்தினன். "சீனி கூடேல்ல ரீச்சர், குறைஞ்சுபோச்சு! ஊசி போட்டிட்டுச் சாப்பிடாட்டில் இப்பிடித்தான்!" பிள்ளை தெளிஞ்ச பிறகு அந்த மனிசி கதிரையில இருந்து அழுதா. "பிள்ளையின்ர அம்மா இனிப்புக் குடுக்காதேங்கோ எண்டு மட்டும்தானே சொன்னவ" எண்டா.

ஏனக்கா மிச்சத்தைச் சொல்லேல்ல? எனக்குத் தெரியும். பொம்பிளைப் பிள்ளை, ஊசி போடுறவள் எண்டு ஊருக்குத் தெரிஞ்சால் நாளைக்கு ஆர் கட்டுவான் எண்ட பயம். மத்தியான ஊசிக்கு நீங்களே குடையைப் பிடிச்சுக்கொண்டு போய், நூலகத்துக்குப் பின்னால நிண்டு போட்டுவிட்டீங்கள். இப்ப அவள் தனிய அங்க நிண்டு போடுறாள். கடைசியாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில என்ர கையைப் பிடிச்சு, "ஊசிக் கதையை ஒருத்தருக்கும் சொல்லாதை" எண்டு சத்தியம் வாங்கினீங்கள். பதின்மூண்டு வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளையோ முதல், உயிரோ முதல்?

இண்டைக்கு அதிபரைக் கண்டனான். "பொறுப்பெடுக்கப் பயமாய்க் கிடக்கு, வேற பள்ளிக்கூடம் பாத்தால் என்ன?" எண்டு இழுத்தார். "மூதூரிலயோ, புல்மோட்டையிலயோ பயமில்லாத அதிபர் இருக்கிறார் எண்டு சொல்லுங்கோ, கொண்டுபோறன்" எண்டன். மேசையில கிடந்த கலண்டரைப் பிரட்டினார். பிறகு, "சரி, திங்கட்கிழமை ரீச்சர்மாருக்கு வந்து சொல்லித் தாங்கோ" எண்டார்.

"எல்லாருக்கும் தெரிய வருமே, உனக்குப் பரவாயில்லையோ?" எண்டு துவாரகாவிட்டக் கேட்டன்.

"நேற்று விளங்கப்படுத்த எனக்கு வாய் வரேல்ல, சின்னம்மா" எண்டாள். "எனக்கு வாய் வராத நேரம் எனக்காகக் கதைக்க அங்க ஆராவது வேணும்."

அதுக்குப் பிறகு நான் என்னத்தை யோசிக்கிறது? உங்களுக்குச் செய்த சத்தியத்தைத் திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால முழுசாய் உடைக்கப்போறன். அதுக்குப் பதிலாய் இன்னொரு சத்தியம் செய்யிறன். உங்கட பிள்ளை நடுங்கினால் என்ன செய்யிறது எண்டு தெரியாத ஒரு ஆளையும் அந்தப் பள்ளிக்கூடத்தில மிச்சம் விடமாட்டன்.

உங்கட சொல்லை மீறுற தங்கச்சி,
துவாரகாவின்ர சின்னம்மா